ஆள் நின்னா அசையுது, நகர்ந்தா நிக்குது: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கொச்சி பினாலேங்கற கலைக் கண்காட்சி பத்தி சும்மா நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸப்பும் மேஜை நெறைய கெடக்குது. எல்லைக்கு இந்தப்பக்கம் பொள்ளாச்சி, கோபாலபுரம், அந்தப்பக்கம் கேரளாவுல வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்னு எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஒண்ணுதான், ஆள் போய் நின்னா அசையற, கையை ஆட்டினா பதில் சொல்ற அந்த டிஜிட்டல் காட்சிங்க பத்தித்தான். அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு. செல்ஃபோன் ரிப்பேர், இன்வெர்ட்டர் பேட்டரி பத்திக் கேட்டவங்க ஒரு மாசம் பொறுத்துக்கோங்க.

எட்டாவது பசங்களைக் கூட்டிட்டு ஃபோர்ட் கொச்சி போலாம்னு இருக்கோம் சார். நீங்க எழுதின "இன்டராக்டிவ் இன்ஸ்டலேஷன்" கலையா, விளையாட்டா? ஹெட்மாஸ்டர் கேட்டா என்ன சொல்லட்டும்?
*ஒரு டீச்சர், வேலந்தாவளம்*

ரெண்டும்தான் டீச்சர், ஆனா ஹெட்மாஸ்டர்கிட்ட கலைன்னே சொல்லிடுங்க, பஸ்ஸுக்கு பர்மிஷன் சீக்கிரம் கெடைக்கும்.

ஒரு ஓவியத்தை யாரும் பார்க்காட்டியும் அது பாட்டுக்கு சுவத்துல தொங்கும். இந்த வகைக்காட்சி ஆள் வந்து நிக்கற வரைக்கும் பாதிதான் இருக்கும், மீதிய வர்றவங்கதான் போடணும். 1999ல டேனியல் ரோஸின்னு ஒருத்தர் மரத்துல ஒரு கண்ணாடி செஞ்சார். கண்ணாடின்னா ரசம் பூசின கண்ணாடி இல்லீங்க, 830 சின்னச் சின்ன மரத்துண்டு, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி சொன்ன அளவுக்கு மட்டும் திரும்பற ஒரு சர்வோ மோட்டார், நடுவுல ஒரு கேமரா ஒளிஞ்சிருக்கும். நீங்க முன்னாடி போய் நின்னா உங்க முகத்துல வெளிச்சமான எடத்துக்கு உண்டான துண்டெல்லாம் மேல சாஞ்சு வெளிச்சத்தை வாங்கிக்கும், இருட்டான எடத்துக்கு உண்டானது கீழ சாஞ்சு நிழலாயிடும், அப்படியே மரத்துல உங்க முகம் தெரியும். தலையைத் திருப்பினா 'கலகல'ன்னு ஒரு மரச்சத்தத்தோட முகமும் திரும்பும். பசங்களுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டிட்டுக் கூட்டிட்டுப் போங்க, மத்ததை விளக்கவே வேண்டாம்.

அதே வருசம்தான் கமீல் அட்டர்பேக், ரோமி அகிடுவ் ரெண்டு பேரும் சேர்ந்து எழுத்து மழை பெய்யற மாதிரி ஒரு காட்சி பண்ணாங்க, திரையில எழுத்துங்க மேலருந்து விழும், உங்க உருவத்து மேல வந்து தங்கும், கையை நீட்டிப் புடிச்சீங்கன்னா வார்த்தையா சேரும். இதுக்கெல்லாம் முன்னோடி மைரன் க்ரூகர், அவர் 1970கள்லயே கேமராவையும் கம்ப்யூட்டரையும் வெச்சு ஆள் உருவத்தோட திரையில விளையாடிட்டு இருந்தார்.

கொச்சிக்கு வருவோம். பினாலே ஆரம்பிச்சது 12-12-2012, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கான்னு கணக்கு, நடுவுல கொரோனா வந்து தள்ளிப்போச்சு. 2014ல அங்க மெக்ஸிகோக்காரர் ரஃபயேல் லொசானோ ஹெம்மர் வெச்ச ஒரு சுவர் இருந்துச்சு. சுவர் முழுக்க சின்ன ஸ்பீக்கர், ஒவ்வொண்ணும் ஒரு நாட்டோட தேசிய கீதம், கிட்டப் போனா அந்தப் பகுதியில இருக்கற நாடுங்க மட்டும் பாட ஆரம்பிக்கும். ஸ்பீக்கரை அடுக்கின வரிசைதான் விசயம், ராணுவத்துக்கு ஆளுக்கு எவ்வளவு செலவு பண்ணுதுங்கற கணக்குல அடுக்கியிருந்தாங்க. ராணுவமே இல்லாத கோஸ்டாரிகா மாதிரி நாடுங்க ஒரு கோடியில பாடும், அப்படியே நடந்து போனீங்கன்னா செலவு கூடின நாடுங்க பாடும். நடக்கற நடையிலயே புள்ளிவிவரம் காதுல ஏறுது பாருங்க, அது சமூக அறிவியல் வகுப்புங்க.

அடுத்த பினாலேயில, 2016ல, சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீட்டா ஒரு பெரிய கொட்டகை முழுக்கக் கடல் தண்ணிய நிரப்பி வெச்சார், முழங்கால் அளவு தண்ணியில எறங்கி நடந்தாத்தான் எதிர்ச் சுவத்துல இருக்கற கவிதைய படிக்க முடியும், கடல்ல செத்துப்போன ஒரு சிரியக் குழந்தைக்கான கவிதை. ஒரு வயர் கெடையாது, ஒரு ஸ்க்ரீன் கெடையாது. ஆனா ஆள் எறங்காம அங்க ஒண்ணும் நடக்காது. கம்ப்யூட்டர் இருக்குதாங்கறதை விட, நம்மள என்ன செய்ய வைக்குதுன்னு பார்க்கச் சொல்லுங்க பசங்கள.

போக்குவரத்து: பாலக்காடு ஜங்ஷன்ல ட்ரெய்ன் ஏறி எர்ணாகுளம், அங்க ஹைகோர்ட் ஜெட்டியிலருந்து வாட்டர் மெட்ரோ ஃபோர்ட் கொச்சிக்கு நேராப் போகுது. பசங்களுக்கு அந்த போட்டே பாதி டூர்.

நான் அங்க நிக்கறேன்னு அதுக்கு எப்படிண்ணா தெரியுது?
*ஐடிஐ படிக்கற தம்பி, கோபாலபுரம்*

தம்பி, பெரும்பாலும் கேமராதான். ரொம்ப எளிசான முறை என்னன்னா, ஆள் இல்லாத வெத்து எடத்தை முதல்ல ஒரு படம் புடிச்சு கம்ப்யூட்டர் வெச்சுக்கும், அப்புறம் வர்ற ஒவ்வொரு ஃபிரேமையும், செகண்டுக்கு 30 வீதம்னு வெச்சுக்க, அந்த வெத்துப் படத்தோட கழிச்சுப் பார்க்கும், எந்தப் புள்ளி மாறியிருக்கோ அங்க ஆள். அவ்வளவுதான் கணக்கு. ஆனா தரையில ப்ரொஜெக்டர் படம் ஓடிட்டு இருந்தா அந்தப் படமும் மாறிட்டே இருக்குமே, அதையும் கேமரா ஆள்னு நெனைக்குமே? அதுக்கு ஒரு தந்திரம், கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் விளக்கைப் போட்டு, இன்ஃப்ராரெட் மட்டும் பார்க்கற கேமராவை வெச்சுட்டா, ப்ரொஜெக்டர் வெளிச்சம் கேமராவுக்குத் தெரியவே தெரியாது, ஆள் மட்டும் தெரியும்.

2010ல மைக்ரோசாஃப்ட் கினெக்ட்னு வீடியோ கேமுக்கு ஒரு டப்பா விட்டாங்க, அது இன்ஃப்ராரெட் புள்ளிங்களைத் தூவி எது எவ்வளவு தூரத்துல இருக்குன்னே அளந்துரும். விளையாட்டுக்கு வந்த சாமான் ஆர்ட்டிஸ்டுங்க கைக்குப் போய் ஒரு காலத்துல எந்த எக்ஸிபிஷன் போனாலும் மூலையில அதுதான் உக்காந்திருக்கும். 2017ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க, இன்னும் பழசு வாங்கி ஓட்டறவங்க இருக்காங்க. ஒரே வியாதி, வெயில் பட்டா அதுக்குக் கண்ணு தெரியாது, நம்ம ஊர் மத்தியானத்துல வெளிய வெச்சா சுத்தமா குருடு.

லண்டன் பார்பிகன்ல 2012ல ரேண்டம் இன்டர்நேஷனல்னு ஒரு குழு ஒரு மழை ரூம் வெச்சாங்க. கொட்டற மழைக்குள்ள நீ நடந்து போவே, உன் தலைக்கு மேல மட்டும் தண்ணி நின்னுடும். மேல கேமராங்க நீ நிக்கற எடத்தை அளந்து அந்த எடத்து வால்வை மூடுது. மெதுவா நடக்கணும், ஓடினா நனைவே, ஏன்னா வால்வை மூடினாலும் ஏற்கெனவே கெளம்பின துளி கீழ வந்துதான் தீரும். கறுப்பு, பளபளக்கற துணி போட்டுட்டு வராதீங்கன்னு பார்வையாளருக்குச் சொல்வாங்க, கேமராவுக்குச் சரியாப் பிடிபடாது. ஜரிகைக்கரை பட்டுச்சேலையில நம்ம அத்தை சித்திங்க போனா என்னாகும்னு நெனச்சுப் பார்த்துக்க.

இன்னொண்ணு, தொழில் பண்ண நெனச்சா மனசுல வை, கை அசைஞ்சதுக்கும் படம் அசைஞ்சதுக்கும் நடுவுல பத்துல ஒரு பங்கு செகண்டுக்கு மேல போச்சுன்னா மனுசனுக்கு ஒட்டாது, 'இது வேற எதையோ ஓட்டுது'ன்னு போயிடுவாங்க.

மாரியம்மன் திருவிழாவுக்கு எங்க கிளப் சார்பா இப்படி ஒண்ணு வைக்கணும்ணா. கையில காசு கம்மி, ஸ்கூல் ப்ரொஜெக்டர் ஒண்ணு இரவல் கெடைக்கும். என்ன பண்ணலாம்?
*இளைஞர் கிளப், கொழிஞ்சாம்பாறை பக்கம்*

இந்தக் கேள்விதான் எனக்குப் புடிச்சுது, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

முதல்ல என்ன வேண்டாம்னு சொல்லிடறேன். எக்ஸிபிஷன் வயரிங் வேலைக்குப் போறவன்ங்கற முறையில நான் பார்த்தது. மார்கழி மாசம், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா, ஒரு கோயில் மைதானத்துல வெள்ளைத் துணியக் கட்டி, கேமரா வெச்சு, ஆள் வந்தா பட்டாம்பூச்சி பறக்கற மாதிரி ஒரு கம்பெனிக்காரங்க செட் பண்ணியிருந்தாங்க. காத்துல துணி பொடைச்சு பொடைச்சு எறங்குது, கேமரா அந்த ஆட்டத்தையே ஆள்னு நெனச்சுக்கிட்டு, யாருமே இல்லாத எடத்துல கூட்டங்கூட்டமா பட்டாம்பூச்சிய விட்டுட்டே இருக்குது. போதாததுக்கு ப்ரொஜெக்டர் லென்ஸ் முன்னாடி ஈசல், ஒவ்வொரு ஈசலும் சுவத்துல காக்கா சைஸ். ஜனங்க சிரிச்சாங்க, ஆனா அவங்க எதுக்குச் சிரிக்கணும்னு கம்பெனிக்காரங்க நெனச்சாங்களோ அதுக்கு இல்ல.

அதனால துணி வேண்டாம், வெள்ளையடிச்ச சுவர் எடுங்க. கேமரா வேண்டாம். கம்ப்யூட்டரும் முக்கால்வாசி வேண்டாம்.

மேல கொச்சிக் கதையில சொன்ன அதே லொசானோ ஹெம்மர் 2001ல ராட்டர்டாம் நகரத்துல ஒரு சதுக்கத்துல செஞ்சதைக் கேளுங்க. தெருவுல புடிச்ச ஜனங்க ஃபோட்டோவ ஒரு பெரிய கட்டடச் சுவத்துல ப்ரொஜெக்டர் வெச்சு விழ வெச்சார், ஆனா தரையிலருந்து அதைவிட பலமான விளக்கு ரெண்டு அதே சுவத்துல அடிக்கும், அந்த வெளிச்சத்துல ஃபோட்டோ வெளுத்துப் போய் ஒண்ணும் தெரியாது. ஒருத்தர் விளக்குக்கு முன்னாடி நடந்தா அவர் நிழல் சுவத்துல விழும் பாருங்க, அந்த நிழலுக்குள்ள மட்டும் ஃபோட்டோ தெரியும். விளக்குகிட்ட நின்னா நிழல் 25 மீட்டர், சுவர்கிட்டப் போனா 2 மீட்டர். எல்லா ஃபோட்டோவையும் நிழலால மூடிட்டா கம்ப்யூட்டர் அதைப் பார்த்து அடுத்த செட் ஃபோட்டோ போடும். ஆனா ஜனங்க என்ன பண்ணாங்கன்னா ஃபோட்டோவ விட்டுட்டு நிழல் விளையாட்டுல எறங்கிட்டாங்க, முன்பின் தெரியாத ஆளுங்க ஒருத்தர் நிழலை ஒருத்தர் மிதிக்கறது, தூக்கறது, பெரிய நிழல் சின்ன நிழலைத் திங்கறது.

இதை நம்ம ஊர்ல அப்படியே செய்யலாம். ஸ்கூல் ப்ரொஜெக்டர் மங்கலாத்தான் இருக்கும், அதுதான் நமக்கு வேணும். அதை மைக் செட்காரர் மேடை மேலயோ மொட்டை மாடியிலயோ உயரத்துல வையுங்க, ஆளுங்க தலை மறைக்கக் கூடாது. தரையில ஒரே ஒரு ஃபோகஸ் லைட், நெறைய சின்ன எல்ஈடி பதிச்ச ஃப்ளட் லைட் எடுத்துடாதீங்க, நிழல் பிசுபிசுன்னு அஞ்சாறாப் பிரியும், ஒத்தை முத்து மாதிரி ஒரே எடத்துலருந்து வெளிச்சம் வர்றதா இருக்கணும். ஃபோகஸ் லைட் போட்டா படம் மறையணும், அணைச்சா தெரியணும், அந்த அளவுக்கு லைட்டை முன்ன பின்ன நகர்த்திப் பாருங்க. படத்துக்கு ஊர்ல பழைய திருவிழா ஃபோட்டோ, வீட்டு அலமாரியில கெடக்கற கறுப்பு வெள்ளைக் கல்யாண ஃபோட்டோ எல்லாம் செல்ஃபோன்ல எடுத்துக் கோர்த்து விடுங்க, வீட்டுக்காரங்ககிட்டக் கேட்டுட்டு. தன் நிழலுக்குள்ள தன் பாட்டியோட சின்ன வயசு முகம் வந்தா ஒரு பொண்ணு அங்கிருந்து நகருவாளா சொல்லுங்க.

நமக்கு நிழல் புதுசா என்ன? ஷொரணூர், ஒத்தப்பாலம் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடத்துல 21 விளக்கு வரிசையா வெச்சு தோல்பாவைக்கூத்து ஆடறது கம்பராமாயணம்தானே, பாவை ஆட்டற புலவர் பாடற பாட்டு இன்னிக்கும் தமிழ்ப் பாட்டுதானே. அந்தப் புலவர்மார் யாரையாவது ஒரு ராத்திரி கூப்பிட்டு, விளக்குக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு பாவைய எப்படிப் புடிக்கணும்னு உங்க பசங்களுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்க. எந்த ஊர் ஈவண்ட் கம்பெனிக்கும் இது தெரியாது.

ஜாக்கிரதை ரெண்டு: ஃபோகஸ் லைட் சுட்டா சதை பேந்துரும், சுத்தி கம்பி வலை போட்டு கயிறு கட்டுங்க. லைனுக்கு இ.எல்.சி.பி., அதாவது கரண்ட் கசிஞ்சா ஒடனே லைனை வெட்டற சுவிட்ச், இல்லாம தரையில வயர் போடாதீங்க, அபிஷேகத் தண்ணியெல்லாம் அங்கதான் ஓடும்.

எங்க பஸ் ஸ்டாண்டுல ஏதாவது டிஜிட்டலா வைக்கணும்னு பேச்சு வருது. செல்ஃபி பாயிண்ட், "ஐ லவ்" எழுத்து, பியானோ படிக்கட்டு, எது நல்லது?
*வார்டு மெம்பர் ஒருத்தர், மீனாட்சிபுரம்*

பெஞ்ச் இருக்குங்களா முதல்ல?

சரி, கோவிச்சுக்காதீங்க. பியானோ படிக்கட்டு 2009ல ஸ்டாக்ஹோம்ல ஓடன்பிளான் ரயில் ஸ்டேஷன்ல வெச்சது, மிதிச்ச படி சத்தம் போடும். எஸ்கலேட்டரை விட்டுட்டு வழக்கத்தைவிட 66 சதவீதம் அதிகம் பேர் படியேறினாங்கன்னு சொல்வாங்க, ஆனா அதைச் சொன்னது அதை வெச்ச ஃபோக்ஸ்வாகன் விளம்பரமேதான், அதனால அந்த நம்பரைக் கூட்டத்துல தூக்கிட்டுப் போகாதீங்க. முதல் நாள் எல்லாரும் குதிப்பாங்க, ஆறாவது மாசம் யாரு குதிக்கறாங்கங்கறதுதான் கேள்வி.

எனக்குப் புடிச்சது மான்ட்ரியால்ல 2011ல வெச்ச ஊஞ்சல். 21 ஊஞ்சல், தெருவோரமா வரிசையா, ஒவ்வொண்ணும் ஆடறப்ப ஒரு ஸ்வரம் வரும். தனியா ஆடினா அந்த ஒத்தை ஸ்வரம்தான். பக்கத்து ஊஞ்சல்காரரோட சேர்ந்து ஒரே தாளத்துல ஆடினாத்தான் முழுப்பாட்டு வரும். ஸ்க்ரீனே கெடையாது, எப்படி ஆடணும்னு போர்டும் வேண்டியதில்ல, ஊஞ்சலைப் பார்த்தா ஆடத் தெரியாத ஆள் யாரு? அதுலயும் அடுத்தவங்க இல்லாம முழுப்பாட்டு கெடைக்காதுங்கற அந்த முடிச்சு இருக்கே, அதைத்தான் ஒவ்வொரு கொட்டேஷன்லயும் நீங்க தேடணும். "ஐ லவ்" எழுத்து முன்னாடி ஒருத்தர் நின்னா இன்னொருத்தர் நகரணும். நாலு ஊஞ்சல் வெச்சா நாலு பேரு உக்காரணும்.

மியூசியத்துல டச் ஸ்க்ரீன் எல்லாம் வெச்சிருக்காங்க தம்பி, நான் போன எடத்துல ரெண்டு செத்துக் கெடந்துச்சு, ஓடற ஒண்ணுலயும் மலையாளமும் இங்கிலீஷும்தான். நான் படிச்சது தமிழ். இதெல்லாம் எதுக்கு?
*ரிட்டயர்டு போஸ்ட்மேன், சித்தூர்*

ஐயா, உங்க கோவம் நியாயம். பேர் வேண்டாம், நானும் அந்த மாதிரி எடங்களுக்கு வேலைக்குப் போயிருக்கேன். திறப்பு விழாவுக்குக் காசு ஒதுக்குவாங்க, ரெண்டாவது வருசம் ஃபேன் மாத்தறதுக்கு ஒதுக்க மாட்டாங்க. ஸ்க்ரீன் பெட்டிக்குள்ள தூசி அடைஞ்சு சூடாகி அணைஞ்சு போகும், கரண்ட் போயிட்டு வந்தா தானா அந்தக் காட்சிக்குத் திரும்பாம பாஸ்வேர்டு கேட்டுட்டு நிக்கும், பாஸ்வேர்டு தெரிஞ்ச பையன் வேலைய விட்டுப் போயிருப்பான்.

இன்னொரு ரகசியம் சொல்றேன், பாதி டச் ஸ்க்ரீன் பெட்டியில இருக்கறது சுவத்துல ஒட்ட வேண்டிய நோட்டீஸைப் பக்கம் பக்கமா விரலால தள்ளறதுதான், அதுக்கு எதுக்கு இத்தனை கரண்ட்? 1969ல ஃப்ராங்க் ஓப்பன்ஹைமர் சான் ஃபிரான்சிஸ்கோவுல எக்ஸ்ப்ளோரட்டோரியம் ஆரம்பிச்சப்ப பார்வையாளர் கையால திருகி, இழுத்து, ஊதி கண்டுபுடிக்கற சாமானா வெச்சார். அதெல்லாம் செய்யற பட்டறையும் மியூசியத்துக்குள்ளயே, ஜனங்க கண்ணு முன்னாடி. உடைஞ்சா அங்கயே சரி பண்ணிடலாம். திருப்பதி ரீஜனல் சயின்ஸ் சென்டர் மாதிரி மத்திய அரசு அறிவியல் மையங்கள்லயும் கைப்பிடி சுத்தற, பட்டனை அமுக்கற சாமான்தான் ரொம்ப, பேரனுங்களைக் கூட்டிட்டுப் போங்க, அங்க படிக்கறதை விடச் செய்யறதுதான் நெறைய.

தமிழ் விசயம், பார்வையாளர் புத்தகம்னு ஒண்ணு வாசல்ல இருக்கும் பாருங்க, அதுல தமிழ்லயே எழுதிட்டு வாங்க. சித்தூர் தாலுகாவுல தமிழ் மீடியம் ஸ்கூல் நடத்தற அரசாங்கத்துக்கு ஒரு மெனுவுல மூணாவது பட்டன் சேர்க்கறது மலையப் புரட்டற வேலை இல்ல. ஆனா கேட்காம யாரும் போட மாட்டாங்க.

கேமரா இருக்குன்னு சொல்றீங்க. நம்ம மூஞ்சிய அது எடுத்து வெச்சுக்குமா? பொண்ணுங்க போற எடம், பயமா இருக்கு.
*ஒரு அம்மா, பொள்ளாச்சி*

பயப்பட வேண்டியதுக்குப் பயப்படலாம் அம்மா. மேல கோபாலபுரத்துத் தம்பிக்குச் சொன்ன முறையில முகமே வேண்டாம், உருவத்தோட வெளிக்கோடு போதும், படத்தைச் சேமிச்சு வைக்கவும் தேவையில்ல. முகத்தைப் புடிச்சு வயசு, ஆணா பொண்ணான்னு கணக்கெடுக்கறது மால்ல இருக்கற விளம்பரத் திரைக்குத்தான் உபயோகம்.

சிகாகோவுல 2004ல க்ரவுன் ஃபவுண்டன்னு ஒண்ணு திறந்தாங்க, 50 அடி உயரத்துல ரெண்டு கண்ணாடிக்கல் கோபுரம், அதுல ஊர் ஜனங்க ஆயிரம் பேரு கிட்ட முகம் மாறி மாறி வரும், அந்த முகம் வாயைக் குவிச்சா வாயிலருந்து நெஜத் தண்ணி பீய்ச்சும், குழந்தைங்க அடியில ஆட்டம் போடும். அந்த ஆயிரம் பேரும் சம்மதிச்சுத் தந்த முகம். ஆனா 2006ல அதே கோபுரத்து உச்சியில கண்காணிப்புக் கேமரா வெச்சப்ப ஊரே சத்தம் போட்டு எடுக்க வெச்சாங்க. நம்ம நாட்டுலயும் 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. வாசல்ல நிக்கற பையன்கிட்டயே "படம் சேமிக்கறீங்களா, எத்தனை நாள்?"னு கேளுங்க. பதில் வரலைன்னா பொண்ணுங்களைக் கூட்டிட்டு ஐஸ்கிரீம் கடைக்குப் போங்க.

சுவர் முழுக்க வான்கோ படம் ஓடற ஷோவுக்கு டிக்கெட் போட்டோம். அதுவும் இந்த ரகமா?
*புதுசாக் கல்யாணமான ஜோடி, கோயம்புத்தூர்*

இல்லைங்க. நீங்க உள்ள போனாலும் போகாட்டியும் அந்தச் சூரியகாந்தி அதே நேரத்துக்குத்தான் விரியும். பெரிய சினிமா, சீட் இல்லாம. டோக்கியோவுல டீம்லேப்னு ஒரு டிஜிட்டல் கலைக் குழு வெச்ச காட்சியில சுவத்தைத் தொட்டா பூ உதிரும், ரெண்டையும் பார்த்தா வித்தியாசம் ஒடனே புரியும். ஃபோட்டோ நல்லா வரும்னா போயிட்டு வாங்க, கல்யாணமான புதுசுதானே.

நான் ஒன்பதாவது. இதெல்லாம் செய்யறதுக்கு என்ன படிக்கணும் மாமா?
*ஒரு மாணவி, எருத்தேம்பதி*

படிக்கறதுக்கு முன்னாடியே செய்யலாம் கண்ணு. ஸ்கூல் கம்ப்யூட்டர்ல ஸ்க்ராட்ச் இருக்குமே, அதுல எக்ஸ்டென்ஷன்னு கீழ் மூலையில ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா வீடியோ சென்சிங் வரும், வெப்கேமராவுக்கு முன்னாடி கைய ஆட்டினா பூனை ஓடற மாதிரி ஒரு மணி நேரத்துல பண்ணிடலாம். உங்க ஸ்கூல்ல லிட்டில் கைட்ஸ் கிளப் இருந்தா சாரைக் கேளு, ஆர்டுயினோங்கற குட்டிக் கன்ட்ரோல் போர்டு, இன்ஃப்ராரெட் சென்சார், சர்வோ மோட்டார் எல்லாம் ரோபோட்டிக் கிட்டுன்னு கேரளா ஸ்கூலுங்களுக்குக் குடுத்திருக்காங்க, பல எடத்துல பீரோவுக்குள்ளதான் இருக்கும், நீதான் போய் கேக்கணும். மரக்கண்ணாடிக்காரர் 830 மோட்டார் வெச்சார்னா நீ ஒரு மோட்டார் வெச்சு, ஆள் வந்தா தலையாட்டற ஒரு தோல்பாவை செய்.

பன்னிரண்டு முடிச்சப்புறம்னா நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன்னு (என்.ஐ.டி.) அகமதாபாத்ல ஒரு டிசைன் காலேஜ், அங்க எக்ஸிபிஷன் டிசைன்னே ஒரு டிகிரி இருக்கு, நுழைவுத் தேர்வு எழுதணும். ஐஐடி பாம்பேயில டிசைன் படிக்க யூசீட்னு வேற பரீட்சை. ரெண்டுலயும் வரையச் சொல்வாங்க, அதனால பின்பக்கம் காலியா இருக்கற நோட்டு எதையும் எடைக்குப் போட விடாதே. செஞ்ச பாவை ஆடுச்சுன்னா வீடியோ எடுத்து இந்தப் பகுதிக்கே அனுப்பி வை, ஆடலைன்னா வயர் எங்கெங்க சொருகியிருக்கேன்னு ஒரு ஃபோட்டோ அனுப்பு.